உழைத்து ஓய்ந்த குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் ஒரு புகலிடம்

சென்ற ஆண்டு நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கடற்கரைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். அங்கே மணற்பரப்பில் ஒரு மட்டக்குதிரை சிறுவர்களை ஏற்றிக்கொண்டு முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. முன்னங்கால் குளம்பு ஒன்று பழைய செருப்பின் நுனி போல் மேல்நோக்கி வளைந்திருந்தது. மாணவர்கள் வெள்ளியை நீட்டி ஏறி மகிழ்ந்தனர். ஒரு மாணவி மட்டும் ஏறாமல் நின்றாள். காரணம் கேட்டோம். "ஐயா, இதற்கு வயதாகிவிட்டால் எங்கே போகும்?" என்று அவள் எதிர்க்கேள்வி கேட்டாள்.

"உரிமையாளர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி வைத்தோம். பேருந்தில் திரும்பும்போது அந்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆசிரியர் தொழிலில் முப்பது ஆண்டு கடந்தபின்னும், தெரியாததைத் தெரிந்தது போல் சொல்லும் பழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை போலும். பின்னர் நூல்களைத் தேடிப் படித்தும் விவரம் அறிந்தோரிடம் கேட்டும் அறிந்தவற்றை இம்மலரில் பாடமாக எழுதுகின்றோம். அம்மாணவிக்கு நாம் பட்ட கடன் இது.

முதலில் ஒரு கணக்கு. பந்தயக் குதிரை பெரும்பாலும் இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. பத்து வயதாவதற்குள் அதன் ஓட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் நன்கு பேணப்பட்ட குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழும். எனவே உழைத்த காலத்தினும் உழைப்பு முடிந்த காலமே நீண்டது. அந்தப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு அதற்குப் புல் போடுபவர் யார்? 2024 அக்டோபர் 5ஆம் நாள் சிங்கப்பூர் கிராஞ்சி மைதானத்தில் இறுதிக் குதிரைப் பந்தயம் நடந்து முடிந்தபோது, அங்கே ஓடிய குதிரைகளுக்கு வேறிடம் தேடவேண்டியதாயிற்று. ஆகவே இக்கேள்வி நமக்குத் தொலைவிலுள்ள கேள்வியன்று.

குதிரையைப் பேணுவது என்பது தனிக் கல்வி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இதனைக் குறித்து வைத்திருக்கிறார். அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைக் கப்பலில் வரவழைத்துப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவாராம்; ஆண்டு முடிவில் நூறுகூட உயிருடன் எஞ்சாவாம். அவற்றைப் பேணத் தெரிந்தவரும் இல்லை, இலாடம் கட்டுவோரும் இல்லை என்பது அவர் கூறும் காரணம். திருவாதவூரர் குதிரை வாங்கச் சென்ற கதையைத் திருவிழாவில் கேட்டு வளர்ந்த நாம், வாங்கிய குதிரைகள் பின்னர் என்னவாயின என்று என்றேனும் கேட்டதுண்டா?

இனி, ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்லுவோம்.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையும் அதன் நேச நாட்டுப் படைகளும் எண்ணற்ற குதிரைகளை எகிப்துக்கும் பாலைவனத்துக்கும் கொண்டு சென்றன. போர் முடிந்தது. வீரர்கள் கப்பலேறினர். குதிரைகளைத் திருப்பிக் கொண்டுவரச் செலவு மிகுதி, நோய் பரவும் என்ற அச்சமும் உண்டு. எனவே பல்லாயிரம் குதிரைகள் அங்கேயே விற்கப்பட்டன. வாங்கியவர்கள் செல்வர்கள் அல்லர். வண்டியிழுத்தும் கல் சுமந்தும் அன்றாடம் பிழைக்கும் மக்கள்.

1930ஆம் ஆண்டில் குதிரைப்படை அதிகாரி ஒருவரின் மனைவியான டாரத்தி புரூக் அம்மையார் கெய்ரோ நகருக்கு வந்தார். போரில் உழைத்த குதிரைகள் இன்னும் உயிரோடிருக்குமா என்று தேடினார். மாணவர்களே, நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். 1918இல் நான்கு வயதாக இருந்த குதிரைக்குக்கூட 1930இல் பதினாறு வயது. பல குதிரைகள் இருபதைத் தாண்டியவை. படையின் அடையாளமாக உடலில் சூடிடப்பட்ட அம்புக்குறியைக் கொண்டு அவற்றை அடையாளம் கண்டார்கள். முதுகு குழிந்து, கால் வீங்கி, சில கண் பார்வையும் இழந்து, தெருவிலும் கல் உடைக்கும் இடங்களிலும் அவை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தன.

அம்மையார் 1931இல் இலண்டனிலிருந்து வெளிவந்த 'மார்னிங் போஸ்ட்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் குதிரைகள் இங்கே இந்நிலையில் இருக்கின்றன, அவற்றை வாங்கப் பணம் வேண்டும் என்பதே அதன் கருத்து. மக்கள் பணம் அனுப்பினர். அம்மையார் ஒரு குழுவை அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஐயாயிரம் குதிரைகளை அக்குழு வாங்கியது. பறித்துக்கொள்ளவில்லை, விலை கொடுத்தே வாங்கியது. குதிரை போனால் வண்டிக்காரரின் குடும்பத்துக்கு அடுத்த நாள் அடுப்பெரியாது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

வாங்கிய ஐயாயிரத்தில் பெரும்பாலானவை மீட்க முடியாத நிலையில் இருந்தன. அவற்றை இலாயத்தில் தடித்த வைக்கோல் மீது படுக்க வைத்து, நீரும் தீனியும் கொடுத்துச் சில நாள் ஓய்வளித்து, பின்னர் வலியின்றி உயிர் நீக்கினார்கள்.

இந்த இடத்தில் நம் வகுப்பில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. "பணம் கொடுத்து வாங்கிக் கொல்வதா? அதற்கு வாங்காமலே இருந்திருக்கலாமே!" என்றான் ஒரு மாணவன். "வாங்காமல் விட்டால் அது வண்டியை இழுத்துக்கொண்டே தெருவில் விழுந்து சாகும்" என்றாள் மற்றொருத்தி. கைகளை உயர்த்தச் சொல்லி எண்ணிப் பார்த்தோம். வகுப்பு ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தது. உயிர்க்கொலை கூடாது என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எளிதில் செரிக்கக்கூடிய செய்தி அன்று. நமக்கும் அப்படியே. அவ்வாரம் பெற்றோர் கூட்டத்திற்கு வந்திருந்த மூதாட்டி ஒருவரிடம், நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர், இதைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "வைக்கோல்ல படுக்க வச்சாங்களா ஐயா? அது போதும்" என்றார். அச்சொல்லை வகுப்பில் போய்ச் சொன்னோம். அதற்கு மேல் நாம் எதுவும் விளக்கவில்லை.

புரூக் அம்மையாரின் பணியில் நாம் பெரிதும் மதிப்பது அடுத்த படியைத்தான். போர்க்குதிரைகள் குறைந்து வரவே, வாங்கும் வேலையும் குறைந்தது. ஆனால் அதே தெருவில் வேறு குதிரைகளும் கழுதைகளும் அதே துன்பத்தில் உழன்றன. எல்லாவற்றையும் வாங்கிவிட முடியுமா? முடியாது. எனவே 1934இல் கெய்ரோவில் 'பழைய போர்க்குதிரை நினைவு மருத்துவமனை' என்ற பெயரில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். ஏழைகளின் உழைக்கும் விலங்குகளுக்கு அங்கே கட்டணமின்றி மருத்துவம் செய்தார்கள். விலங்கை வண்டிக்காரரிடமிருந்து பிரிக்காமல், அவரிடம் இருக்கும்போதே நலமாக வைப்பது இவ்வழி. அம்மையார் 1955இல் கெய்ரோவிலேயே மறைந்தார். அவர் தொடங்கிய பணி பிற்காலத்தில் இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளுக்கும் பரவியது.

கழுதைகளுக்கும் ஓர் அம்மையார் உண்டு. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் தங்கும் விடுதி நடத்தி வந்த எலிசபெத் ஸ்வென்ட்சன் 1969இல் ஒரு கழுதையை வாங்கினார். பின்னர்ச் சந்தையில் ஒரு சிறு பட்டிக்குள் அடைக்கப்பட்டு நலிந்து நின்ற கழுதைகளைக் கண்டு மனம் வருந்தி, துன்புறும் கழுதைகளைச் சேர்க்கத் தொடங்கினார். சிறிய அளவில் நடந்து வந்த அப்புகலிடத்திற்கு 1974இல் ஒரு செய்தி வந்தது. வயலட் ஃபில்பின் என்ற மூதாட்டி தாம் பேணி வந்த 204 கழுதைகளை உயில் எழுதி இவருக்கு விட்டுச் சென்றிருந்தார்! உயிலில் நிலம் வரும், நகை வரும் என்று கேட்டிருக்கிறோம். ஒரே நாளில் இருநூற்று நான்கு வாய்களுக்குத் தீனி தேடும் பொறுப்பு வந்தால் எப்படி இருக்கும்? ஸ்வென்ட்சன் மறுக்கவில்லை. அவரது கழுதைப் புகலிடம் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. ஆயினும் இச்செய்தியில் மறைந்திருக்கும் எச்சரிக்கையையும் நாம் பார்க்கவேண்டும். அன்புள்ள ஒரு மூதாட்டி, தம் காலத்திற்குப் பின் என்ன ஆகும் என்று தெரியாமலே, வந்ததையெல்லாம் ஏற்றுக்கொண்டே இருந்தால், இறுதியில் அப்பொறுப்பு இன்னொருவர் தலையில்தான் இறங்குகிறது.

இனி, ஒரு சிறிய புகலிடத்தை நடத்துவது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். நம்மில் எவரும் நாளைக்கே இலாயம் கட்டப்போவதில்லை. என்றாலும், ஒரு செயலின் உள்ளே இருக்கும் உழைப்பை அறிந்தால்தான் அதனைச் செய்பவரை மதிக்க முடியும்.

புதிதாக வந்த விலங்கை முதலில் மற்றவற்றுடன் சேர்க்கக்கூடாது. இரண்டு முதல் நான்கு வாரம் தனியே வைத்து, நாள்தோறும் உடல் வெப்பத்தை அளந்து எழுதவேண்டும். குதிரையின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ். தொண்டைக் கழலை வீங்கிச் சீழ் பிடிக்கும் தொற்றுநோய் ஒன்று குதிரைகளிடையே உண்டு. ஒரு குதிரைக்கு வந்தால் இலாயம் முழுவதற்கும் பரவிவிடும்.

அடுத்தது உணவு. இங்கேதான் நல்ல மனம் படைத்தோர் பெரும்பிழை செய்கிறார்கள். பட்டினி கிடந்த குதிரையைக் கண்டவுடன் வாளி நிறையத் தானியத்தை வைத்துவிடுகிறார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது நம் முதுமொழி. ஆனால் எலும்பும் தோலுமாக வந்த குதிரைக்கு எள்ளும் ஆகாது, கொள்ளும் ஆகாது. நெடுநாள் உணவின்றிக் கிடந்த உடலில் மாவுச்சத்து மிகுந்த உணவு திடீரென்று சேரும்போது, இரத்தத்திலுள்ள தாது உப்புகளின் அளவு சட்டென்று வீழ்ந்து, இதயமும் மூச்சும் தளர்கின்றன. காப்பாற்றப்பட்ட குதிரை காப்பாற்றப்பட்ட சில நாளிலேயே, வயிறு நிறைந்தபின், இறந்துவிடும். எனவே நல்ல உலர்புல்லைச் சிறிது சிறிதாக, சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து கொடுத்து, நாளடைவில் அளவைக் கூட்டவேண்டும். பழைய உடல் திரும்பப் பல மாதங்கள் ஆகும்.

நலமாயுள்ள குதிரையின் வயிறும் எளிதில் கெடக்கூடியதே. அவ்வளவு பெரிய உடலுக்கு இரைப்பை மிகச் சிறியது; எட்டு முதல் பதினைந்து லிட்டர் கொள்ளும், அவ்வளவே. உண்டதை அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகவே அது நாளின் பெரும்பகுதி கொஞ்சங் கொஞ்சமாக மேய்ந்துகொண்டேயிருக்கப் பிறந்தது. இருவேளை மட்டும் நிறையப் போட்டால் வயிற்றுச்சூலை வந்து தரையில் புரளும்.

குதிரை எவ்வளவு இளைத்துள்ளது என்பதைக் கண்ணால் பார்த்து "பாவம், மிகவும் மெலிந்திருக்கிறது" என்று சொன்னால் போதாது. 1983இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹென்னிகி என்ற ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் ஓர் அளவு முறையை வகுத்தனர். கழுத்து, தோள், விலா, முதுகு, வால் அடி முதலிய இடங்களைக் கையால் தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் இடவேண்டும். 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் மிகைக் கொழுப்பு, 5 நடுத்தரம். நம் மாணவர்களுக்கு இம்முறை மிகவும் பிடித்துவிட்டது. இதில் ஒன்பது வாங்கினால் பாராட்டு இல்லை என்பதைச் சொன்னவுடன் வகுப்பே சிரித்தது.

குளம்பு நம் நகம் போல் வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்கவேண்டும். செதுக்காமல் விட்டால் கடற்கரையில் நாம் கண்டது போல் வளைந்து, நடையையே மாற்றி, மூட்டுகளைக் கெடுத்துவிடும். அப்படி வளைந்ததை ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்துவிடவும் கூடாது. பல முறையாகச் சிறிது சிறிதாகத் திருத்தவேண்டும். நம் நாட்டைப் போன்ற ஈரமும் சேறும் மிகுந்த இடத்தில் குளம்பின் அடி அழுகி நாறும் நோயும் சேர்ந்துகொள்ளும். புழுக்கமான நாடுகளில் குதிரைக்கு மற்றொரு கேடும் உண்டு. சிலவற்றுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வியர்வை வராத குதிரை வெயிலில் உழைத்தால் உடல் சூடேறி மாண்டுபோகும். நிழலும் காற்றும் நீரும் அதற்கு மருந்தினும் மேலானவை.

பற்களும் அப்படியே. அவை வாழ்நாள் முழுவதும் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டேயிருந்து, ஓரங்கள் கூராகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்து அரம் கொண்டு தேய்த்துவிட வேண்டும். கிழக் குதிரை தின்னாமல் மெலிவதற்குப் பல வேளைகளில் பல்லே காரணம்.

கழுதையைச் சிறிய குதிரை என்று நினைப்பவர் பலர். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அது வறண்ட நிலத்தில் தோன்றிய விலங்கு. வைக்கோலே அதற்குப் போதிய உணவு. செழித்த புல்லைத் தின்னவிட்டால் கொழுத்துக் குளம்பினுள் அழற்சி கண்டு நிற்க முடியாமல் தவிக்கும். அதன் மயிர் மழைநீரைத் தடுக்காது. எனவே கூரை கட்டாயம் வேண்டும். வலியை அது வெளிக்காட்டாது. குதிரை புரண்டு துடிக்கும் இடத்தில் கழுதை தலையைத் தொங்கவிட்டு நிற்கும், அவ்வளவே. "கழுதை இன்று சற்று மந்தமாக இருக்கிறது" என்று பராமரிப்பவர் சொன்னால் உடனே மருத்துவரை அழைக்கவேண்டும். அது ஓரிரு நாள் உணவை மறுத்தாலே உடற்கொழுப்பு கரைந்து இரத்தத்தில் மிகுந்து, ஈரலைக் கெடுத்து உயிரைப் போக்கிவிடும். துணையைப் பிரித்தால் உணவை மறுக்கும். ஆதலால் இணைபிரியாத இரண்டு கழுதைகள் வந்தால் இரண்டையும் சேர்த்தே வைப்பர், சேர்த்தே வேறிடம் அனுப்புவர். ஒன்று இறந்துவிட்டால், மற்றொன்று அதனை முகர்ந்து பார்த்து, தானே விலகிச் செல்லும்வரை உடலை அப்புறப்படுத்துவதில்லை. பிடிவாதக்காரனைக் கழுதை என்று திட்டும் பழக்கத்தை இதைப் படித்தபின் நாம் வகுப்பில் விட்டுவிட்டோம். முழுவதும் விட்டோமா என்பதை மாணவர்கள்தாம் சொல்லவேண்டும்.

செலவுக் கணக்கை நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தோம். ஒரு குதிரை நாளொன்றுக்கு 8 கிலோ உலர்புல் தின்றால், ஐந்து குதிரைகள் ஓராண்டில் தின்பது எவ்வளவு? விடை 14,600 கிலோ. இதற்கு மேல் மருத்துவர், குளம்பு செதுக்குபவர், குடற்புழு மருந்து, கூரைத் தகரம், நாளும் சாணம் அள்ளும் கை. ஞாயிறும் தீபாவளியும் சாணத்துக்குக் கிடையா. ஆகவே சிறிய புகலிடம் நடத்துவோருக்குக் கடினமான வேலை சாணம் அள்ளுவதன்று. 'இடமில்லை' என்று சொல்வதே. ஐந்துக்குத் தீனி உள்ள இடத்தில் ஆறாவதை ஏற்றால் ஆறும் இளைக்கும். நலமடைந்தவற்றை நல்ல வீடு பார்த்து, எழுத்து மூலம் உறுதி பெற்று அனுப்பி, அவ்வப்போது நேரில் சென்று பார்த்தால்தான் அடுத்த விலங்குக்கு இடம் பிறக்கும்.

கழுதைகளுக்கு இக்காலத்தில் புதிய ஆபத்தும் வந்துள்ளது. அவற்றின் தோலைக் காய்ச்சி எடுக்கும் ஒருவகைப் பசை சீன மருந்துகளில் சேர்கிறது. அதற்காகப் பல நாடுகளில் கழுதைகள் கொல்லப்பட்டும் திருடப்பட்டும் வந்தன. தண்ணீரும் விறகும் சுமக்க ஒரே துணையான கழுதை ஓரிரவில் களவு போனால் அச்சுமை வீட்டுப் பெண்களின் தலைக்கே வருகிறது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றிய நாடுகளின் தலைவர்கள் இத்தோல் வாணிகத்திற்குத் தடை விதித்தனர். இந்தியாவிலோ, சலவைத் தொழிலாளர் துணி மூட்டை ஏற்றிய கழுதையைக் காண்பதே அரிதாகிவிட்டது. 2012 கணக்கெடுப்பில் அந்நாட்டில் ஏறத்தாழ 3 இலட்சத்து 20 ஆயிரமாக இருந்த கழுதைகள் 2019இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. சுமையேற்றும் வண்டிகள் பெருகியது இதற்கு ஒரு காரணம்.

நம் நாட்டுப் பெற்றோர் அறியவேண்டிய செய்தி ஒன்று. மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை தண்டமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். குதிரையோ நாயோ எதுவாயினும், துன்புறுவதைக் கண்டால் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவிக்கலாம். உரிமையாளரிடம் சண்டைக்குச் செல்லவேண்டா.

குதிரை கட்டும் இடத்தை இலாயம் என்கிறோம். நாம் பிறந்த வீட்டு வரிசையை லயம் என்கிறோம். இவ்விரு சொற்களும் ஏன் இவ்வளவு அருகருகே நிற்கின்றன என்பதை மொழியறிஞரிடம் விட்டுவிடுகிறோம். நாம் பிறந்த லயத்தில் எம் தந்தையார் பால் வண்டிக்காரர். இரண்டு மாடுகள்; அவற்றுள் வலப்பக்க மாட்டுக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கும். நிர்வாகம் டிராக்டர் வாங்கிய ஆண்டில் மாடுகள் விற்கப்பட்டன. வாங்கியவர் யார், எதற்கு என்பது எல்லாருக்கும் தெரியும். தந்தையார் தோட்டத்து நுழைவாயில்வரை மாடுகளுடன் நடந்து சென்று, கயிற்றை மட்டும் கையில் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "மாடு எங்கேப்பா போகுது?" என்று கேட்டோம். அவர் கிணற்றடிக்குச் சென்று கால் கழுவினார். அக்கயிறு நெடுநாள் எங்கள் வீட்டு வாசற்கதவின் பின்னால் தொங்கியது.

இவ்வாண்டும் அதே கடற்கரைக்குச் செல்ல ஏற்பாடாகியிருக்கிறது. அம்மாணவி இப்போது ஆறாம் ஆண்டில் படிக்கிறாள். மட்டக்குதிரைக்கு இடவேண்டிய ஒன்பது மதிப்பெண் முறையைக் குறிப்பேட்டில் எழுதி, முன்னங்கால் குளம்பைப் பார்ப்பதற்கென்று ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள். உரிமையாளரிடம் எவ்வாறு பணிவாகப் பேசுவது என்பதை மட்டும் நம்மிடம் கேட்டிருக்கிறாள். அதற்குரிய சொற்களை இருவருமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.